பலத்த மழை, பலத்த காற்று: ஆங்கிலத்தில் வானிலை பேசுவது

(செங்கோட்டையில் வேன் ஓட்டுநர்கள், விடுதிப் பணியாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

சாரல், தூறல், தூவானம், அடைமழை என்று மழைக்கே நம்மிடம் இத்தனை பெயர். ஆனால் குற்றாலம் சீசனில் வெளிநாட்டுக்காரர் வண்டியில் ஏறி வானிலையைக் கேட்டால் நாக்கு தடுமாறுகிறது. ஆங்கிலச் சொற்கள் பாதிக்கு மேல் தெரிந்தவைதான். எந்தச் சொல் எதோடு சேரும் என்பதில்தான் சிக்கல்.

பலத்த மழை என்கிறோம், பலத்த காற்று என்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே அடைமொழி. ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', மூடுபனிக்கு 'திக்'. 'ஹெவி விண்ட்' என்று வாயில் வருவது அந்தப் 'பலத்த' செய்யும் வேலை. ஆகவே நோட்டில் எழுதும்போது சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், ஜோடியாகவே எழுதுங்கள்.

அடுத்து, 'மழை வருது'. பெய்துகொண்டிருக்கும்போதும் நாம் அப்படித்தான் சொல்வோம். 'ரெயின் இஸ் கமிங்' என்றால் மழை இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். நனைந்துகொண்டே அதைச் சொன்னால் கேட்பவர் குழம்பிப்போவார். 'இட் இஸ் ரெயினிங்' என்று சொல்லுங்கள். அந்த 'இட்' எதையும் சுட்டவில்லை. எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்பதால் ஊன்றிய முட்டுக்கால் அது.

'இன்னிக்கு கிளைமேட் சூப்பர்' என்பதையும் விட்டுவிடுங்கள். கிளைமேட் என்பது பல ஆண்டுகளின் சராசரி, வழக்கமாக 30 ஆண்டுக் கணக்கு. இன்றைக்கு இருப்பது 'வெதர்'.

நம் சாரலுக்கு நேரான ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் இல்லை. 'டிரிசில்' என்பது 0.5 மி.மீ.க்கும் சிறிய துளி. 'ஷவர்' திடீரென்று பிடித்துத் திடீரென்று விடும் மழை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றோடு வருவதால், சாரலை 'டிரிசில் வித் எ கூல் பிரீஸ்' என்று விரித்துச் சொன்னால்தான் அதன் குளிர்ச்சி அவருக்குப் புரியும். வெயிலும் அப்படியே. 'சன்னி' என்பது குளிர்நாட்டுக்காரருக்கு மகிழ்ச்சியான சொல். சித்திரை வெயிலுக்கு அது பொருந்தாது. 'வெரி ஹாட்' என்க வேண்டும். புழுக்கத்துக்கு 'ஹியூமிட்', அடைத்த அறைக்கு 'ஸ்டஃபி'.

மலைப்பாதையில் 'மிஸ்ட்', 'ஃபாக்' இரண்டையும் கலக்காதீர்கள். வானிலைத் துறைக் கணக்கில் 1,000 மீட்டருக்கு அப்பால் இருப்பது தெரியாவிட்டால் அது ஃபாக். அதைவிடத் தொலைவு தெரிந்தால் மிஸ்ட். ஓட்டுநருக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

கடைசியாக, கணவாய்க்கு அப்பால் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துக்கு வரும் மழை எச்சரிக்கைகள். அதில் உள்ள 'ஹெவி', 'வெரி ஹெவி' பேச்சுக்குச் சொல்பவை என்று நினைக்கிறோம். இரண்டுக்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை ஹெவி, 204.4 வரை வெரி ஹெவி, அதற்கு மேல் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. 'ஐசொலேட்டட்' என்றால் ஆளில்லாத ஒதுக்குப்புறம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வட்டாரத்து மழைமானிகளில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் பெய்யும் என்று பொருள். தமிழ் அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்று வருவது அதுதான். அந்த ஓரிரு இடத்தில் நாம் போகும் தென்மலைச் சாலையும் இருக்கலாம். வண்டியை எடுக்குமுன் அறிக்கையில் 'வெரி' இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.