அந்தப் பாட்டுகளே சாட்சி

நண்பர்களே, வணக்கம்.

'மனமாற்றம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மதம் மாறியவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்தக் கதைகள் நமக்கு நிறையத் தெரியும். திருநாவுக்கரசரில் தொடங்கிப் பெரிய பட்டியலே போடலாம். ஒரு மதத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவருக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது, வரவேற்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அதே ஊரில், அதே ஆட்கள் நடுவில் இருந்துகொண்டு, "நான் இவ்வளவு காலம் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டேன்" என்று சொல்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அப்படிச் சொன்ன ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நீங்கள் எல்லோரும் அறிந்தவர்தான்.

1873 அக்டோபர் 22. வடலூருக்குப் பக்கத்தில் மேட்டுக்குப்பம். தாம் தங்கியிருந்த சித்தி வளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றிவிட்டு, வள்ளலார் என்று நாம் சொல்கிற இராமலிங்க சுவாமிகள் அன்பர்களிடம் பேசுகிறார். ஐம்பது வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு ஜனவரி 30-ல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இதுதான் கடைசிப் பெரிய பேச்சு. கேட்டவர்கள் எழுதிவைத்த குறிப்பு வழியாக அது நமக்குக் கிடைத்திருக்கிறது. பேருபதேசம் என்று சொல்கிறோம்.

அதில் முதலில் வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் லட்சியம், அதாவது பற்று, வைக்க வேண்டாம் என்கிறார். சைவம், வைணவம் முதலிய சமயங்களிலும் வேண்டாம், வேதாந்தம், சித்தாந்தம் முதலிய மதங்களிலும் வேண்டாம் என்கிறார். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் எதிர்க்கட்சிக்காரர் பேச்சு என்று தள்ளிவிடலாம். அவர் அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். சைவ சமயத்தில் தாம் முதலில் வைத்திருந்த லட்சியத்துக்கு அளவே சொல்ல முடியாது, அது தம் சீடர் வேலாயுத முதலியாருக்கும் இன்னும் சிலருக்கும் தெரியும் என்கிறார். அதற்கு வேறு சாட்சி வேண்டாம், தம் பாடல் தொகுப்பான திருவருட்பாவில் இருக்கிற தோத்திரங்களே போதும், அவற்றைச் சபைக்குக் கொண்டுவந்தால் அவையே சாட்சி சொல்லிவிடும் என்கிறார். ஏன் அவ்வளவு லட்சியம் இருந்தது? அதற்கும் அவரே பதில் சொல்கிறார்: "அப்போது எனக்கு அவ்வளவு கொஞ்சம் அற்ப அறிவாக இருந்தது."

இது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது புரிய வேண்டுமானால், சாட்சிக்கு அவர் கூப்பிடுகிற பாட்டுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சென்னையில் இருந்த காலத்தில் கந்தகோட்டத்து முருகன் மேல் பாடியவை, திருவொற்றியூர்த் தியாகராசர் மேலும் வடிவுடையம்மன் மேலும் பாடியவை, சமயக் குரவர் நால்வர் மேல் பாடிய மாலைகள் எல்லாம் அதில் அடக்கம். உருகாமல் அவற்றைப் படிக்க முடியாது. அதே மனிதர் ஒரு பதிகத்தில், திருநீறு இடாதவரைக் கண்டால் சீறுகிற பாம்பைக் கண்டதுபோல ஒளிந்து ஓடு என்று பாடியிருக்கிறார். வாடிய பயிரைக் கண்டு வாடியவர்தான் இதையும் பாடினார். வடலூர் விழா மேடைகளில் இந்தப் பதிகத்தை யாரும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்பேன். அதைப் படிக்காமல் 1873-ம் ஆண்டுப் பேச்சைப் படித்தால், அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதே தெரியாது.

'அவர் ஆரம்பத்திலிருந்தே சமரசவாதிதான், சைவப் பாட்டெல்லாம் அந்தக் காலத்துக்கு ஏற்றபடி பாடியது' என்று சில அன்பர்கள் சமாதானம் சொல்வார்கள். பக்தியில் சொல்வது, புரிகிறது. ஆனால் அந்தச் சமாதானத்தை அவரே ஒப்புக்கொள்ளவில்லை. நான் உண்மையாகவே அப்படி நம்பினேன், மிகுதியாக நம்பினேன் என்கிறார். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிவிட்டால், விட்டதற்கும் மதிப்பில்லாமல் போகும்.

சரி, மாற்றம் எப்படி வந்தது? விவாதத்தில் தோற்று வந்ததா? அவர் காலத்தில் விவாதத்துக்குப் பஞ்சமே இல்லை. 1867-ல் தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை நான்கு திருமுறைகளாகத் தொகுத்துத் 'திருவருட்பா' என்று வெளியிட்டார். யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலருக்கு அது பொறுக்கவில்லை. அருட்பா என்றால் தேவார திருவாசகம் முதலிய பன்னிரு திருமுறைதான், நம் காலத்து மனிதர் ஒருவர் பாட்டை எப்படி அந்த வரிசையில் வைப்பீர்கள் என்று கேட்டார். இரண்டு பக்கமும் துண்டு நூல்கள் பறந்தன. 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றத்தில் யார் எழுந்து நின்றார், யார் வணங்கினார் என்ற கதையை எல்லா மேடையிலும் சொல்வார்கள்; இன்று அது வேண்டாம்.

நாவலரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அவரைக் குறுகிய மனதுக்காரர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர் அவர். இன்னொரு மதத்தின் வேதத்தை வரிவரியாகப் படித்து, தமிழில் ஆக்கிக் கொடுத்து, அப்புறமும் சைவராகவே நின்றார். அவர் மாறாமல் நின்றதற்கு அறியாமை காரணமில்லை. மாறியவரெல்லாம் அறிவாளி, மாறாதவரெல்லாம் மூடர் என்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டால் நாம் வேறு ஒரு மூடத்தனத்தில் மாட்டிக்கொள்வோம்.

இராமலிங்கருக்கு மாற்றம் விவாதத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. என் கணிப்பு, அது சமையற்கட்டு வழியாக வந்தது. 1867 மே 23-ல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்குகிறது. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்பார்கள். நீங்களும் போய்ச் சாப்பிட்டிருப்பீர்கள். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்று அவர் எழுதியதில், பசித்து வந்தவர் எந்தத் தேசத்தார், எந்தச் சமயத்தார், எந்தச் சாதியார், என்ன செய்கிறவர் என்று பேதம் பார்த்து விசாரிக்கக் கூடாது என்று தெளிவாக வைக்கிறார். இப்போது அந்தப் பழைய பதிகத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். திருநீறு இல்லாத நெற்றியைக் கண்டால் ஓடு என்றவர், நெற்றியையே பார்க்காமல் இலை போடு என்கிறார். இதையெல்லாம் செய்த பிறகு ஆறு வருஷம் கழித்துத்தான் 'சமயத்தில் லட்சியம் வேண்டாம்' என்ற பேச்சு வருகிறது. கை முதலில் மாறிவிட்டது, வாய் பிறகு வந்து சேர்ந்தது.

அவரும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார். தம்மை ஏறாத நிலைக்கு ஏற்றிவிட்டது தயவு, தயவு என்னும் கருணைதான் தூக்கிவிட்டது என்று அதே பேச்சில் வருகிறது. சாத்திரத்தை விட்டேன், அதனால் கருணை வந்தது என்று அவர் சொல்லவில்லை. கருணை முன்னால் போனது, அதோடு ஒத்துவராதவை ஒவ்வொன்றாகக் கழன்றன.

எல்லாமே கழன்றுவிடவும் இல்லை. கொலை, புலால் விஷயத்தில் அவர் ஓர் அங்குலமும் தளரவில்லை. பார்க்கப் போனால் இன்னும் இறுகினார். வடலூரில் அவர் நிறுவிய ஞானசபையில் இன்றைக்கும் 'கொலை புலை தவிர்த்தவர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும்' என்று பலகை இருக்கிறது. சாதி, சமயம் கேட்காத இடத்தில் இது மட்டும் கேட்கப்படுகிறது. இதோடு உடன்படாதவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பீர்கள். எனக்கும் இதில் கேள்வி உண்டு. ஆனாலும் மனம் மாறியவர் எல்லாவற்றையும் தளர்த்தியிருப்பார் என்று நாம் எதிர்பார்ப்பது நம் வசதிக்காக. கருணையே அளவுகோல் என்று வைத்த பிறகு, அந்த அளவுகோல் சிலவற்றைத் தள்ளும், சிலவற்றை இன்னும் அழுத்திப் பிடிக்கும்.

காந்தியை இங்கே ஒரு நிமிஷம் கூப்பிடுகிறேன். 1920-களின் தொடக்கத்தில் சாதி விட்டுச் சாதி திருமணம் செய்வதற்கு எதிரான கட்டுப்பாட்டை ஆதரித்து எழுதியவர், கடைசிக் காலத்தில் ஹரிஜனர் ஒருவர் சம்பந்தப்பட்ட கலப்புத் திருமணத்துக்கு மட்டுமே ஆசி தருவேன் என்ற இடத்துக்கு வந்தார். அம்பேத்கர் கொடுத்த நெருக்கடி இல்லாமல் அந்தத் தூரத்தைக் கடந்திருப்பாரா என்பது பெரிய விவாதம். அவர் எழுத்தில் முரண் இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு 1933-ல் 'ஹரிஜன்' இதழில் பதில் சொன்னார்: ஒரே விஷயத்தில் நான் எழுதிய இரண்டு முரண்பட்டால் பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரத்தனமான பதில், நேர்மையான பதிலும்கூட. ஆனால் முந்தியதை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. வடலூர்க்காரர் அந்த முந்தியதைத்தான் கையில் எடுத்துக் காட்டினார்.

இனி, அந்த 1873-ம் ஆண்டுக் கூட்டத்தில் இருந்தவர்கள் பக்கம் வருகிறேன். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்களில் பலர் அவரிடம் வந்ததே அந்தப் பாட்டுகளால்தான். அந்தப் பாட்டுகள் தேவாரத்துக்கு நிகரானவை என்று நாவலர் கட்சியோடு மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால்தான் நீதிமன்றம் வரை போய் வந்திருக்கிறார்கள். இப்போது பாடியவரே எழுந்து, 'அவை என் அற்ப அறிவுக்குச் சாட்சி' என்கிறார். எதிரிக்கு வராத சங்கடம் இது, கூட நின்றவர்களுக்கு மட்டும் வருவது. கொள்கையை மாற்றிக்கொள்கிறவருக்கு ஊர் ஏச்சு ஒரு கஷ்டம் என்றால், நம்மை நம்பி வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். பலர் அதற்குப் பயந்தே மாறியதை வெளியே சொல்லாமல் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

அவர் அதை எப்படிச் சமாளித்தார் என்று பாருங்கள். நீங்கள் தவறு செய்தீர்கள் என்று ஓர் இடத்திலும் தொடங்கவில்லை. எனக்கு இருந்தது, நான் விட்டேன், விட்டதனால் லாபம் பெற்றேன், நீங்களும் விட்டால் அந்த லாபத்தைப் பெறுவீர்கள் என்கிற வரிசையில் பேசுகிறார். குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் அவருடையது.

அப்படியும் எல்லோரும் கூட வரவில்லை. வேலாயுத முதலியார் 1880-ல் ஐந்தாம் திருமுறையைப் பதிப்பித்தார். சாதியையும் சமயத்தையும் நேருக்கு நேர் மறுக்கிற பாடல்கள் நிறைந்த ஆறாம் திருமுறையை அவர் வெளியிடவில்லை. 'கண்மூடி வழக்கமெலாம் மண்மூடிப் போக' என்ற பாட்டெல்லாம் அதில்தான் வருகிறது. அது வேறு அன்பர்கள் முயற்சியில் 1885-ல்தான் அச்சேறியது. இதில் முதலியாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குரு நடந்த வேகத்தில் சீடரும் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இது பழங்கதையாகவும் முடியவில்லை. ஞானசபையில் சிவாசாரியார் முறைப்படி உருவ வழிபாடு நடந்துவந்தது. அது வள்ளலார் வகுத்த வழிபாட்டு முறைக்கு விரோதமானது என்று அன்பர்கள் சிலர் முறையிட, 2006-ல் அறநிலையத் துறை அதை நிறுத்த உத்தரவிட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2010-ல் அந்த உத்தரவு உறுதி செய்யப்பட்டது. திருவொற்றியூரில் உருகி நின்ற இராமலிங்கரை வைத்துப் பார்த்தால் சிவலிங்கம் அங்கே இருப்பதில் என்ன தப்பு என்று தோன்றும். மேட்டுக்குப்பத்துப் பேச்சை வைத்துப் பார்த்தால் அதற்கு அங்கே இடமே இல்லை. நெற்றியில் திருநீற்றோடு அவர் படத்தை மாட்டலாமா, நீறில்லாமல் மாட்ட வேண்டுமா என்று சன்மார்க்க அன்பர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். இரண்டு கட்சிக்கும் ஆதாரம் அவர் பாட்டிலேயே இருக்கிறது.

நேரமாகிவிட்டது. நான் சொன்னதில் உடன்படாதவர்கள் முதலில் கேளுங்கள்.