வாணனின் ஆயிரம் கைகள் நினைவிருக்கின்றன, உஷை எங்கே போனாள்?

வணக்கம் நண்பர்களே. இரண்டு குடும்பம், தலைமுறை தலைமுறையாகப் பகை, நடுவில் ஒரு காதல், கூடவே கொஞ்சம் மாயம். இப்படிப்பட்ட கதைகள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கடைசியில் இரண்டு இளம் பிணங்கள் விழும்; அதைப் பார்த்த பிறகுதான் பெரியவர்களுக்குப் புத்தி வரும். எனக்கு அந்த முடிவு சலித்துவிட்டது. ஆகையால் இன்றைக்குக் காதலர்கள் உயிரோடு வீடு போய்ச் சேர்கிற ஒரு கதையைப் பேசப் போகிறேன். உஷை, அநிருத்தன்.

பெயரைக் கேட்டதும் "ஓ, வாணாசுரன் கதையா" என்று சிலர் சொல்வது எனக்குக் கேட்கிறது. அதுதான் என் குறையே. வாணனைத் தெரியும், அவனுடைய ஆயிரம் தோள்களைக் கண்ணன் சக்கரத்தால் வெட்டியதும் தெரியும். பெரியாழ்வார் பாடிய திருப்பல்லாண்டிலேயே "மாயப் பொருபடை வாணனை ஆயிரந் தோளும் பொழிகுருதி பாயச் சுழற்றிய ஆழி வல்லான்" என்று வருகிறது. பெருமாள் கோயில்களில் தினமும் ஓதுகிற பாட்டு அது. கைகள் தினமும் அறுபடுகின்றன. அந்தச் சண்டைக்கே காரணமான பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. சண்டையை மட்டும் வைத்துக்கொண்டு காதலை உதிர்த்துவிட்டோம். இந்த வீடியோவில் அதை எடுத்து மறுபடி உள்ளே வைக்கப் பார்க்கிறேன்.

முதலில் பகை. இந்தத் தாளைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன், தெரிகிறதா? என் கையெழுத்து அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வாருங்கள்: இரணியகசிபு, அவன் மகன் பிரகலாதன், அவன் மகன் விரோசனன், அவன் மகன் மகாபலி, அவன் மகன் வாணன், வாணனின் மகள் உஷை. இந்தப் பக்கம் கண்ணன், மகன் பிரத்தியும்னன், பேரன் அநிருத்தன். கண்ணன் யார்? திருமால். நரசிங்கமாக வந்து இரணியனின் வயிற்றைக் கிழித்தவர். வாமனனாக வந்து மகாபலியைப் பாதாளத்துக்கு அனுப்பியவர். அதாவது மாப்பிள்ளையின் தாத்தா, பெண்ணின் தாத்தாவைத் தலையில் கால் வைத்து மண்ணுக்குள் அழுத்தியவர். இந்தச் சம்பந்தத்துக்கு எந்தத் தரகர் ஜாதகம் எடுத்துக்கொண்டு போவார்?

மறுபக்கமும் பாக்கி இருக்கிறது. அநிருத்தனின் அப்பா பிரத்தியும்னன், காமனின் மறுபிறப்பு. காமனை நெற்றிக்கண்ணால் எரித்தவர் சிவன். அந்தச் சிவனே வாணனின் ஊருக்குக் காவல். சிவன் தாண்டவம் ஆடியபோது ஆயிரம் கைகளாலும் வாத்தியம் முழக்கி அவரை மகிழ்வித்து வாங்கிய வரம் அது. ஆகவே இருவருமே எதிராளி வீட்டின் முகத்தில் விழிக்கக் கூடாதவர்கள்.

இனி உஷை. விஷ்ணு புராணத்தில் அவள் கதை ஒரு ஏக்கத்தில் தொடங்குகிறது. சிவனும் பார்வதியும் விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, எனக்கும் இப்படி ஒருவன் வருவானா என்று நினைக்கிறாள். பார்வதி மனம் அறிந்து சொல்கிறாள்: வைசாக மாத வளர்பிறைத் துவாதசி இரவில் உன் கனவில் எவன் வருகிறானோ அவனே உன் கணவன். கனவு வருகிறது. பாகவதத்தில், தோழியர் நடுவில் படுத்திருந்தவள் "அன்பனே, எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டபடி விழித்துக்கொள்கிறாள். சுற்றிலும் தோழியர். அந்த வெட்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இங்கேதான் என் அபிமானப் பாத்திரம் வருகிறாள்: சித்திரலேகை. வாணனின் அமைச்சன் கும்பாண்டனின் மகள், உஷையின் தோழி. அவள் உபதேசம் செய்யவில்லை, பயப்படவில்லை, கேலியும் பேசவில்லை. அவன் மூவுலகில் எங்கே இருந்தாலும் கொண்டு வருகிறேன், ஆளை மட்டும் காட்டு என்கிறாள். சொல்லிவிட்டு வரைய உட்காருகிறாள். இன்றைக்குக் காவல் நிலையத்தில் சாட்சி சொல்லச் சொல்ல ஓவியர் முகம் வரைவதுபோலத்தான். ஆனால் சித்திரலேகை அடையாளம் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை, உலகத்தையே வரிசையாக வரைகிறாள். தேவர்கள், கந்தர்வர்கள், சித்தர்கள், நாகர்கள், வித்தியாதரர்கள், யட்சர்கள். உஷை தலையாட்டவில்லை. பிறகு மனிதர்கள். மனிதர்களில் யாதவர்கள். சூரசேனர், வசுதேவர், பலராமர், கண்ணன். அடுத்து பிரத்தியும்னனை வரைந்தவுடன் உஷைக்கு வெட்கம் வந்துவிடுகிறது. ஏன் என்று அவளுக்கே தெரியாது. மாமனார் ஆயிற்றே! அடுத்த படம் அநிருத்தன். தலையைக் குனிந்துகொண்டு, சிரித்துக்கொண்டு, "இவன்தான், இவன்தான்" என்கிறாள்.

அந்தப் பிரத்தியும்னன் படத்தில் வருகிற வெட்கத்தை எவ்வளவு முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அப்பாவின் முகத்தில் மகனின் சாயல் முன்னோட்டமாக வந்து நிற்கிறது. புராணம் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. விளக்க ஆரம்பித்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

அடுத்து, சித்திரலேகை யோக வல்லமையால் வான்வழியே துவாரகைக்குப் போகிறாள். நல்ல கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அநிருத்தனைத் தூக்கிக்கொண்டு வாணனின் ஊரான சோணிதபுரம் வந்து, உஷையின் அந்தப்புரத்தில் சேர்த்துவிடுகிறாள். இந்தக் குடும்பத்தின் வழக்கத்தை மறந்துவிடாதீர்கள். தாத்தா கண்ணன் ருக்மிணியைத் தேரில் ஏற்றிக்கொண்டு வந்தவர். அந்த வீட்டுப் பையனை இப்போது பெண்வீட்டார் தூக்குகிறார்கள். கணக்கு நேராகிவிட்டது.

ஒரு சங்கடமான தகவலையும் சொல்லிவிட வேண்டும். அநிருத்தனுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. ருக்மிணியின் அண்ணன் ருக்மியின் பேத்தி ரோசனை. அதுவும் பகைவீட்டுச் சம்பந்தம்தான், அந்தத் திருமணத்திலும் ரத்தம் சிந்தியது. அது பெரிய கதை, இங்கே கிளை பிரித்தால் திரும்பி வர முடியாது. உஷை இதைக் கேட்டாளா, அவன் சொன்னானா என்பதைப் பாகவதம் பேசவில்லை. நாட்கள் போவதே தெரியாமல் இருந்தான் என்று மட்டும் சொல்கிறது. எனக்கு இது உறுத்துகிறது. உறுத்தலோடேயே மேலே போவோம்.

காவலர்கள் உஷையின் மாற்றத்தைப் பார்த்துவிட்டு வாணனிடம் சொல்கிறார்கள். வாணன் உள்ளே நுழையும்போது இருவரும் சூதாடிக்கொண்டிருக்கிறார்கள். கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கலாம். எழுதியவர் காய் உருட்ட வைத்தார். பழகிய தம்பதிபோல எதிரெதிரே உட்கார்ந்து விளையாடுகிறார்கள், வாசலில் ஆயிரம் கை அப்பா. அநிருத்தன் இரும்புத் தடியைத் தூக்கிக்கொண்டு வீரர்களை அடித்து விரட்டுகிறான். வாணன் நாகபாசத்தால் கட்டிப்போடுகிறான். உஷை அழுகிறாள். துவாரகையில் மழைக்காலம் நான்கு மாதமும் பையனைக் காணாமல் துக்கத்தில் கழிகிறது. நாரதர் வந்து சொன்ன பிறகே விஷயம் தெரிகிறது.

இந்த இடத்தில் வடமொழிப் புராணமும் தமிழும் பிரிகின்றன. பாகவதத்தில் பன்னிரண்டு அக்குரோணி சேனை கிளம்பிப் போய் ஊரை வளைக்கிறது. தமிழில் முதலில் போவது ஆட்டக்காரர்கள். சிலப்பதிகாரம், கடலாடு காதை. மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் மூன்று வாணனின் ஊரில் நடந்தவை. "வாணன் பேரூர் மறுகிடை நடந்து, நீள்நிலம் அளந்தோன் ஆடிய குடமும்" என்கிறார் இளங்கோ. கண்ணன் குடம் ஏந்தி எதிரியின் தெருவில் கூத்தாடுகிறார். அடுத்து "ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி ஆடல்". காமன் என்றால் இங்கே பிரத்தியும்னன். மூன்றாவது, ஊரின் வடக்கு வாயிலில், வயல் பக்கம் நின்று இந்திராணி உழத்தி வேடத்தில் ஆடிய கடையம். அநிருத்தனை வாணன் சிறை வைத்ததுதான் காரணம் என்று பழைய உரை சொல்கிறது.

பேடி ஆடலில் கொஞ்சம் நின்று பார்ப்போம். பிள்ளை உள்ளே பாம்புக் கட்டில் கிடக்கிறான். அப்பன் பேடிக் கோலம் கட்டி, அதே ஊர்த் தெருவில், அதே ஊர்ச் சனம் பார்க்க ஆடுகிறான். காசு போட்டிருப்பார்கள், சிரித்திருப்பார்கள், குழந்தைகள் பின்னாலேயே ஓடியிருக்கும். அவன் கண் மட்டும் கோட்டையின் எந்தச் சன்னலில் இருந்திருக்கும்? இது இலக்கியத்தில் இல்லை, நான் சேர்க்கிறேன். ஆனால் மணிமேகலையில் புகார் நகரத் தெருவில் இந்தப் பேடிக் கூத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கிறது. அதுவே போதும், காவிரிப்பூம்பட்டினத்துச் சாதாரண சனத்துக்கு இந்தக் கதை ஆட்டமாகத் தெரிந்திருந்தது.

போரைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் மாயாஜாலப் பிரியர்களுக்குத் தீனி அங்கேதான். வாணன் ஒரே நேரத்தில் ஐந்நூறு வில்லை வளைக்கிறான், வில்லுக்கு இரண்டு அம்பு. சிவனும் கண்ணனும் நேருக்கு நேர். கடைசியில் கண்ணன் எய்தது கொட்டாவி அம்பு. ஆமாம், கொட்டாவி. சிவன் கொட்டாவி விட்டுக்கொண்டே மயங்கி நிற்கிறார். காய்ச்சலும் போருக்கு வருகிறது: சிவனின் சுரம் மூன்று தலை, மூன்று கால், எதிரே கண்ணனின் சுரம். இரண்டு காய்ச்சல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதை வேறு எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை. முருகனும் போரில் இருக்கிறார். பிரத்தியும்னனின் அம்புபட்டு ரத்தம் வழிய மயில்மேல் பின்வாங்குகிறார். இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நான் பழனிக்குப் பஸ் ஏற முடியாது, ஆகவே நகர்கிறேன்.

வாணனின் விற்கள் முறிந்து, தேர் உடைந்து, கண்ணன் கையில் அவன் முடிய வேண்டிய நேரம். அப்போது வாணனின் தாய் கோடரை ஓடி வருகிறாள். ஆடையில்லை, கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது. மகனுக்கு முன்னால் கண்ணனை மறித்து நிற்கிறாள். கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த இடைவெளியில் வாணன் ஊருக்குள் தப்பிவிடுகிறான். சிவன் செய்ய முடியாததை ஒரு கிழவி செய்தாள். கனவு கண்டவள் உஷை, ஆளைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்தவள் சித்திரலேகை, சாவைத் தள்ளிப்போட்டவள் கோடரை. ஆனால் பாட்டில் மிஞ்சியது சக்கரம்.

வாணன் திரும்பி வருகிறான். கைகள் மரக்கிளைகளைப்போல அறுந்து விழுகின்றன. சிவன் குறுக்கே வந்து, இவன் என் அடியவன் என்று கேட்கிறார். கண்ணன் சொல்கிற பதில்தான் இந்தக் கதையின் ஆணி. இவனைக் கொல்லமாட்டேன், உன் வம்சத்தாரைக் கொல்வதில்லை என்று பிரகலாதனுக்கு வரம் கொடுத்திருக்கிறேன் என்கிறார். பகையின் வேர் இரணியனில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதை நிறுத்துகிற வாக்கும் அவன் மகன் காலத்தியது. உஷையின் கண்ணீரைப் பார்த்து யாரும் மனம் மாறவில்லை. எனக்கு அது உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. நான்கு கைகளை மட்டும் விட்டுவைக்கிறார்கள். வாணனே மகளையும் மருமகனையும் தேரில் ஏற்றி அழைத்துவந்து நிறுத்துகிறான்.

இடங்களைப் பற்றி ஒரு சொல். இப்போது திரையில் வருகிற குன்று அக்னிகட், அசாமில் பிரம்மபுத்திராவின் கரையில் தேஜ்பூர் நகரத்தில் இருக்கிறது. தேஜ்பூர்தான் சோணிதபுரம் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. மாவட்டத்தின் பெயரே சோணித்பூர். மகளை அந்தக் குன்றில் வைத்துச் சுற்றிலும் வாணன் தீ வளர்த்தான் என்பார்கள். குன்றின் மேல் இப்போது பூங்காவும் கதைச் சிற்பங்களும் இருக்கின்றன. ஊரில் இன்னொரு பூங்காவுக்குச் சித்திரலேகையின் பெயர். தோழிக்குப் பூங்கா வைத்த ஊரை எனக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்? 1935இல் முதல் அசாமியப் படத்தை எடுத்த ஜோதிபிரசாத் அகர்வாலா, இந்தக் காதலை நாடகமாகவும் எழுதியிருக்கிறார். உத்தராகண்டில் ஊகிமட் என்ற ஊர், திருமணம் எங்களிடம்தான் நடந்தது என்கிறது. நம் பக்கத்தில் தஞ்சை மாவட்டத்து மெலட்டூரின் பாகவத மேளாவுக்கு வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்களில் உஷா பரிணயமும் ஒன்று. ஆண்களே பெண்வேடம் கட்டி ஆடுகிற கூத்து அது. பிரத்தியும்னன் பார்த்தால் புரிந்துகொள்வான்.

துவாரகைக்குப் போன உஷை அங்கே என்ன செய்தாள் என்பதற்கு அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் பதில் வைத்திருக்கிறது. பார்வதியிடம் இலாஸ்ய நடனம் கற்றவள் உஷை. அவள் அதைத் துவாரகைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தாள், அவர்கள் சௌராஷ்டிரப் பெண்களுக்கு, அங்கிருந்து பல நாட்டுப் பெண்களுக்கு என்று போகிறது. மாமனாரும் தாத்தாவும் அவள் பிறந்த ஊர்த் தெருவில் ஆடினார்கள். அவள் போய் அவர்கள் ஊர்ப் பெண்களை ஆடவைத்தாள்.

ரோசனை திருமணத்தில் நடந்த சூதாட்டத்தையும், அதில் கலிங்க அரசனின் பல் உடைந்ததையும் அடுத்த வீடியோவில் சொல்கிறேன். அதில் பலராமர் கொஞ்சம் கோபமாக இருப்பார். வருகிறேன், வணக்கம்.