சிறுநீரகமாக ஆகி முடிக்காத செல்கள்

(சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தினர் முன் ஒரு குழந்தை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. இன்று நான் பேச வந்திருக்கும் நோயை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் டாக்டர் இல்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கும் அம்மிச்சியின் கைதான். "வயிறு ஒரு பக்கம் கெட்டியா இருக்குதே கண்ணு" என்பார். குழந்தை வலி என்றே சொல்லியிருக்காது, நன்றாக ஓடி ஆடிக்கொண்டிருக்கும்.

இதற்கு வில்ம்ஸ் கட்டி என்று பெயர். குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டேனுங்க, அதனாலயா?" பக்கத்தில் நின்ற மாமியார், "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லீங்க" என்றார். குழந்தைக்கு உடம்பு சரியில்லாத வேதனை ஒருபக்கம், இந்தப் பழி இன்னொரு பக்கம். அந்தத் தாயின் முகத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

சிறுநீரகம் கருவில் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். அவை உருவாகும் வேலை ஏறத்தாழ 36 வாரத்தில் முடிந்துவிடும். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாகாது. ஆகவே அந்த வேலைக்கென்று இருந்த கருச்செல்கள் எல்லாமே பிறப்பதற்குள் வடிகட்டியாகவோ குழாயாகவோ மாறியிருக்க வேண்டும். நூறு குழந்தைகளில் ஒருவருக்கு அப்படி மாறாத செல்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. அவற்றிலும் பெரும்பாலானவை தாமாகவே அடங்கிவிடும். எங்கோ ஒன்றுதான் அடங்காமல் பெருகிக்கொண்டே போகும்.

1899-லேயே மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், இந்தக் கட்டி கருக்காலச் செல்களிலிருந்து வருகிறது என்று எழுதினார். நுண்ணோக்கியில் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனத்துவிடும். அந்தக் கட்டிக்குள் அரைகுறைக் குழாய்கள், அரைகுறை வடிகட்டிகள் தெரியும். ஒரு சிறுநீரகத்தைக் கட்டத் தொடங்கி, முடிக்கத் தெரியாமல் திரும்பத் திரும்பத் தொடங்குவது போல இருக்கும்.

ஏன் முடியவில்லை? துணியில் வடிவம் விழத் தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டையைப் பார்த்துத்தான் பாவு நூல் எழும்பும். மரபணுவும் அப்படி ஓர் அட்டை. 11-ஆம் குரோமோசோமில் டபிள்யூ.டி.1 என்றொரு மரபணு இருப்பதை 1990-இல் கண்டுபிடித்தார்கள். கருச்செல்லை வடிகட்டியாக மாறச் செய்யும் மரபணுக்களில் அது முக்கியமானது. அப்பா தந்த அட்டை ஒன்று, அம்மா தந்தது ஒன்று. ஒன்று கிழிந்தாலும் மற்றது சமாளிக்கும், இரண்டும் கெட்டால்தான் கட்டி. ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல் குழந்தைகளின் கண் புற்றுநோயை வைத்து இந்தக் கருத்தைச் சொன்னார், மறு ஆண்டே வில்ம்ஸ் கட்டிக்கும் பொருத்திப் பார்த்தார். பிறகு பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கல். டபிள்யூ.டி.1 கெட்டிருப்பது ஐந்தில் ஒரு கட்டியிலோ அதற்கும் குறைவாகவோதான். வேறு பல மரபணுக்களும் இதில் சேர்கின்றன.

அதே குரோமோசோமில் ஐ.ஜி.எஃப்.2 என்று இன்னொன்று உண்டு. வளர்ச்சியைத் தூண்டுவது. அதில் அப்பா தந்தது மட்டும் பேச வேண்டும், அம்மா தந்தது வாய் மூடியிருக்க வேண்டும். இயற்கையின் ஏற்பாடு அது. சில குழந்தைகளில் இரண்டுமே பேசத் தொடங்கிவிடுகின்றன, வளர்ச்சித் தூண்டல் இரட்டிப்பாகிறது. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமலேயே இது நடக்கலாம் என்பதுதான் ஆச்சரியம்.

இந்த மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் குழந்தையின் செல்களில் புதிதாக நேர்பவை. குடும்பத்தில் வேறொருவருக்கும் இந்தக் கட்டி இருப்பது நூற்றில் ஒன்றிரண்டு பேரிடம்தான். அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்டியதால் வந்ததா என்று இங்கே நிறையப் பேர் கேட்கிறார்கள். சொந்தத்தில் மணம் முடிப்பதால் கூடும் மரபுநோய்கள் வேறு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வில்ம்ஸ் கட்டி பொதுவாக அந்த வகையில் வருவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. அன்று அந்த மாமியாரையும் உட்கார வைத்துத்தான் இதைச் சொன்னேன்.

சரி, எந்தக் குழந்தைகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும்? கண்ணில் பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம் இல்லாமல் பிறந்த குழந்தை, நாக்கு வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும் குழந்தை, ஒரு கை கால் மற்றதைவிடத் தடித்த குழந்தை. கண் வளையத்துக்கான மரபணு டபிள்யூ.டி.1-க்கு அடுத்த வீடு மாதிரி, ஒரு துண்டு அறுந்தால் இரண்டும் போய்விடும். இவர்களை டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னால் ஏழு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மற்றக் குழந்தைகளுக்கு, வயிற்றில் கட்டி தென்பட்டாலோ சிறுநீரில் ரத்தம் வந்தாலோ அன்றே கிளம்புங்கள். ஆளாளுக்கு அமுக்கிப் பார்க்காதீர்கள், கட்டி உடைந்தால் வயிறு முழுக்கப் பரவும். உருவிவிடவும் கூடாது. முழுச் சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். அந்தச் சிகிச்சையின் முக்கிய மருந்தான வின்கிரிஸ்டின், நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. அதற்காக இலையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இலையில் அந்த மருந்து மிக மிகக் குறைவு, கூடவே வேறு நஞ்சுகளும் உண்டு. அந்தத் தாயின் மகள் அதே மருந்தை ஊசியாக, அளவோடு எடுத்துக்கொண்டாள். இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.