பழைய காரில் கூலன்ட்: எதை ஊற்றுவது, எப்படி மாற்றுவது

நேயர்களுக்கு வணக்கம்.

கூலன்ட் என்பது என்ஜினின் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்லும் திரவம். பழைய கார் வைத்திருப்பவர்கள் ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சையாகத் தெரிந்தால் "கூலன்ட் நன்றாகத்தான் இருக்கிறது" என்று மூடிவிடுவார்கள். அந்தப் பச்சை வெறும் சாயம். கூலன்ட் வேலை செய்வதை நிறுத்திப் பல மாதம் ஆன பிறகும் சாயம் அப்படியே மின்னிக்கொண்டிருக்கும்.

கூலன்ட்டில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன: தண்ணீர், எத்திலீன் கிளைக்கால், துருத்தடுப்பு மருந்துகள். கிளைக்கால் உறைவதையும் கொதிப்பதையும் தள்ளிப்போடுகிறது. அது பல வருடம் தாங்கும். முதலில் தீர்ந்துபோவது மருந்துதான். அது தீர்ந்ததும், சூட்டிலும் காற்றிலும் கிளைக்கால் மெல்ல அமிலமாக மாறத் தொடங்கும். அந்த அமிலம் என்ஜினின் மேல்பாகமான அலுமினியம் ஹெட்டை அரிக்கும், அதன் உடலான இரும்பு பிளாக்கைத் துருப்பிடிக்க வைக்கும், ரேடியேட்டரின் பாகங்களை ஒட்டும் ஈயப் பற்றைத் தின்னும். அதனால்தான் உறைபனியே விழாத இடத்திலும் கூலன்ட் வேண்டும்; வெறும் தண்ணீர் போதாது.

எந்த வகையை வாங்குவது? கடையில் பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று அடுக்கியிருப்பார்கள். நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொன்றின் சிவப்பும் வேறு வேறாக இருக்கலாம். டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தைப் படியுங்கள். சிலிக்கேட், பாஸ்பேட், போரேட் கலந்தது பழைய வகை. உலோகத்தின் மேல் சீக்கிரமாக ஒரு மெல்லிய படலம் போட்டுவிடும். ஆனால் ஆயுள் இரண்டு வருடம்தான். கரிம அமில வகை ஐந்து வருடம் வரை வரும். அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் போய் வேலை செய்யும், அதனால் மெதுவாகத் தீரும். இரண்டையும் கலந்து செய்த கலப்பு வகையும் உண்டு.

உங்கள் காரின் ரேடியேட்டர் செம்பு, பித்தளையில் செய்து ஈயம் வைத்துப் பற்றியதா? அப்படியானால் பழைய வகையே நல்லது. கரிம அமில வகை ஈயப் பற்றை அவ்வளவாகக் காப்பதில்லை. அதில் சிலவற்றில் சேரும் ஓர் அமிலம் பழைய சீல்களையும் சில பிளாஸ்டிக்குகளையும் இளக வைக்கும். ரேடியேட்டர் அலுமினியம், மேல் கீழ்த் தொட்டிகள் பிளாஸ்டிக் என்றால் காரோடு வந்த புத்தகம் சொல்வதைப் பின்பற்றுங்கள். ஜப்பானிய கம்பெனிகள் பொதுவாக பாஸ்பேட் இருப்பதை ஏற்கும், சிலிக்கேட்டைத் தவிர்க்கும். ஐரோப்பிய கம்பெனிகள் நேர்மாறு: அங்கே பல ஊர்களில் தண்ணீர் கடினமானது, அதோடு பாஸ்பேட் சேர்ந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும்.

உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் அதன் மேலேயே வேறொன்றை ஊற்றாதீர்கள். ஒத்துவராத இரண்டு சேர்ந்தால் மருந்து வீணாகும். சில சமயம் கூழாகித் திரண்டு ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும். முழுக்கக் கழுவிவிட்டு ஊற்றுவதே வழி.

கெட்டிக் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. அப்படிக் கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கொதிநிலை சுமார் 108 டிகிரி, ஒரு பார் அழுத்தம் தாங்கும் மூடியோடு சுமார் 130. கூடுதலாகக் கலந்தால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. சுத்தமான கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும். சூட்டைச் சுமக்கும் திறனும் தண்ணீரைவிடக் குறைவு. மறுபக்கம், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் மருந்து நீர்த்துவிடும். தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு, ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி, அதாவது அதிகச் சூடேறும் இடத்தில் போய்ப் படியும். அதில் உள்ள உப்பு அலுமினியத்தில் குழி விழச் செய்யும்.

இனி வேலை. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள். இல்லையென்றால் ஹீட்டருக்குள் இருக்கும் பழையது அங்கேயே தங்கிவிடும். ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகை மெதுவாகத் திருப்புங்கள், பழைய பிளாஸ்டிக் சட்டென்று முறியும். நீர் வராவிட்டால் சேறு அடைத்திருக்கும், கம்பியால் குத்திவிடுங்கள். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு திருகு இருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள், முறிந்தால் பெரிய செலவு. இன்னும் இரண்டு முறை கூடுதலாகக் கழுவினால் போதும்.

கழுவுவதற்கு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, என்ஜினை ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட், அதாவது சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு, திறந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான கார்களில் அது 82 முதல் 88 டிகிரியில் திறக்கும். அதன்பின் பத்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். ஒரு முறை வடிப்பது ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு, பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர், வடிவது மூன்றரை என்று வைப்போம். உள்ளே இரண்டரை லிட்டர் தங்கிவிடுகிறது. முதல் வடிப்பில் பழையது 42 சதவீதம் மீதி. ஒரு முறை கழுவினால் 17. இன்னொரு முறை கழுவினால் 7.

பலர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். கழுவி முடித்ததும் உள்ளே இரண்டரை லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் கடையில் கலந்தே விற்கும் பாதிக்குப் பாதி கூலன்ட்டை மூன்றரை லிட்டர் ஊற்றினால், கிளைக்கால் ஒன்றேமுக்கால் லிட்டர்தான் சேரும். ஆறில் அது 29 சதவீதம். பாதி என்று நம்பி ஊற்றியது மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே கழுவிய காருக்குக் கலக்காத கெட்டிக் கூலன்ட்டை வாங்கி, முதலில் மொத்தக் கொள்ளளவின் பாதியை, அதாவது 3 லிட்டரை, அப்படியே ஊற்றுங்கள். மீதி அரை லிட்டர் தண்ணீர்.

மெதுவாக ஊற்றுங்கள். காரின் முன்பக்கம் சற்று மேடாக இருந்தால் காற்று தானே மேலே வரும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், குமிழ் நின்று சீராக நீர் வரும்வரை திறந்துவையுங்கள். மூடி திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டு, அது சூடேறும் முன் மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். நீர்மட்டம் இறங்க இறங்க நிரப்பி, மட்டம் நின்றதும் மூடிவிடுங்கள். சூட்டு முள் ஏறி இறங்குவதும், ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருவதும் உள்ளே காற்று அடைத்திருப்பதற்கான அறிகுறி. அப்படியே ஓட்டினால் ஹெட் வளையும். மறுநாள் காலை, ஆறிய பிறகு, மட்டம் பார்த்து நிரப்புங்கள். கழுவிய பிறகு புதிதாகச் சொட்டினால் கூலன்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். ஓட்டையை அடைத்திருந்த அழுக்கு போய்விட்டது, அவ்வளவுதான். கசிவை அடைக்கும் பொடிகளை ஊற்றாதீர்கள், அவை ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும்.

மூடியையும் பாருங்கள். அதில் இரண்டு வால்வுகள்: ஒன்று அழுத்தத்தைப் பிடிக்கும், மற்றது ஆறும்போது நீரைத் திரும்ப இழுக்கும். ஆறிய பின் ஹோஸ் சப்பிப்போயிருந்தால் இரண்டாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். புதிய மூடி பழையதின் அதே அளவாக இருக்கட்டும். அரை பார் தாங்கும் ரேடியேட்டருக்கு ஒரு பார் மூடி போட்டால் பற்றிய இடங்கள் பிளந்துவிடும்.

கூலன்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். எல்லாவற்றையும் அணைத்து, ஒரு முனையை கூலன்ட்டில் நனைத்து, மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவில் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. விளக்கையோ ஃபேனையோ போட்டதும் அளவு எகிறினால் எங்கோ எர்த் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் புதுக் கூலன்ட் ஊற்றினாலும் சீக்கிரமே கெட்டுவிடும்.

வடித்த பழையதை உடனே மூடியுள்ள கேனில் அடைத்து, எழுதி ஒட்டி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தரையில் தேங்கிய கொஞ்சத்தை நக்கினாலே நாயும் பூனையும் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். சிந்தியதைத் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

நன்றி, வணக்கம்.