படிகம் இழுத்த கார்டன் டீல்

நேயர்களுக்கு வணக்கம். மின்குறிகையைப் பெருக்கும் சிறு கருவியான டிரான்சிஸ்டர் என்றதும், அதைக் கண்டவர்களாக பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி என்று மூன்று பெயர்களைச் சொல்வோம். 1956-ல் நோபல் பரிசும் அவர்களுக்குத்தான் கிடைத்தது, அதற்குத் தகுதியானவர்கள்தான். நான் இன்று பேச வந்திருப்பது கார்டன் டீல் என்பவரைப் பற்றி.

1947 டிசம்பர். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வுக்கூடம். பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றில் தங்கத் தகட்டை ஒட்டி, அதன் முனையை பிளேடால் மயிரிழை அளவுக்குக் கீறி, ஜெர்மானியம் என்ற தனிமத்தின் துண்டின்மேல் ஸ்பிரிங்கால் அழுத்தினார்கள் பார்டீனும் பிராட்டெய்னும். ஒரு பக்கம் கொடுத்த சிறிய மின்குறிகை மறுபக்கம் பெருகி வந்தது. அதுவரை இந்த வேலையைச் செய்தவை கண்ணாடி வால்வுகள். அவை சூடேற வேண்டும், மின்சாரத்தைத் தின்னும், அடிக்கடி பழுதாகும். 1946-ல் அறிமுகமான எனியாக் கணினிக்கு ஏறக்குறைய 18,000 வால்வுகள் தேவைப்பட்டன.

சரி, கருவி பிறந்துவிட்டது. ஆனால் ஒன்று வேலை செய்வதுபோல இன்னொன்று செய்யவில்லை. அன்றைய ஜெர்மானியக் கட்டி, பல சிறு படிகங்கள் சேர்ந்தது. அவை சேரும் இடங்களில் மின்னோட்டம் தடுமாறும். முழுக்க ஒரே படிகமாக வளர்த்தால்தான் சரிவரும் என்றார் வேதியியலாளரான டீல். கட்டியிலிருந்தே நல்ல துண்டுகளை வெட்டிக்கொள்ளலாம் என்பது ஷாக்லியின் எண்ணம்; மேலிடமும் ஆர்வம் காட்டவில்லை. டீல் விடவில்லை. ஜான் லிட்டில் என்ற சக ஊழியரோடு சேர்ந்து கருவி செய்தார். பகலில் அதை ஓர் அலமாரி அறைக்குள் தள்ளி வைப்பார். மாலையில் வெளியே உருட்டி வந்து பின்னிரவு வரை வேலை செய்வார். உருகிய ஜெர்மானியத்தில் ஒரு விதைப் படிகத்தைத் தொடவிட்டு, மெல்ல மெல்ல மேலே இழுப்பார். சோக்ரால்ஸ்கி என்ற போலந்து அறிஞர் முன்பே கண்ட முறை அது. அப்படி இழுத்த படிகத்தில்தான் ஷாக்லி எண்ணியிருந்த சந்தி டிரான்சிஸ்டர், அதாவது ஒரே படிகத்துக்குள் வெவ்வேறு மின்தன்மை கொண்ட அடுக்குகள் சந்திக்கும் டிரான்சிஸ்டர், உருவாயிற்று. 1951-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த இரவுகள் இல்லாவிட்டால் ஷாக்லியின் கோட்பாடு இன்னும் சில ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்திருக்கும் என்பது என் துணிபு.

அப்புறம் டீல் தன் சொந்த மாநிலமான டெக்சாஸுக்கே போய், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் சேர்ந்தார். 1954-ல் ஒஹையோவின் டேட்டன் நகரில் ஒரு மாநாடு. ஜெர்மானியத்தைவிட வெப்பம் தாங்கும் சிலிக்கனில் டிரான்சிஸ்டர் வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்று மற்றவர்கள் பேசி முடித்தபின் டீல் எழுந்தார். இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டு, அதன் பெருக்கியில் இருந்த ஜெர்மானிய டிரான்சிஸ்டரைக் சூடான எண்ணெயில் முக்கினார். பாட்டு நின்றது. சிலிக்கன் டிரான்சிஸ்டரை மாட்டி முக்கினார். பாட்டு தொடர்ந்தது. இன்றைய சிப்புகளுக்கான சிலிக்கன் தட்டுகளில் பெரும்பாலானவை, டீல் கையாண்ட அதே சோக்ரால்ஸ்கி முறையில் இழுத்த படிகத்திலிருந்து அறுத்தெடுத்தவை. பள்ளிப் பாடத்தில் அந்த மூவரோடு டீலின் பெயரும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நன்றி, வணக்கம்.