பல்லுக்கும் கொஞ்சம் லீவு குடுங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஒரு நிமிஷம் நாக்கால கடைவாய்ப் பல்லு மேல தடவிப் பாருங்க, பள்ளம் பள்ளமா இருக்கா, கடைசியா பிஸ்கட் சாப்பிட்டிருந்தீங்கன்னா அந்த மாவு இன்னும் அங்கதான் பசையாட்டம் ஒட்டிட்டிருக்கும். அத வாயில இருக்கற கிருமி தின்னுட்டு ஆசிட்ட விடுது, ஆசிட் கூடக்கூட பிஹெச்ங்கற அளவு கொறையும், அது சுமார் 5.5க்கு கீழ போச்சுன்னா எனாமல்ல, அதாவது பல்லோட வெளி ஓட்டுல இருந்து கால்சியம் கரைய ஆரம்பிச்சிடும். அப்புறம் எச்சில் வந்துதான் அத சரி பண்ணணும், அதுக்கு அரைமணி, சில பேருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும்.

இப்ப சொல்லுங்க, சக்கரை போட்ட காப்பிய டேபிள்ல வச்சுக்கிட்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய்னு மத்தியானம் பூரா உறிஞ்சிட்டிருந்தா, பாவம் அந்த எச்சில் எப்பதான் வேலைய முடிக்கும்?

ஸ்வீடன்ல 1945ல விபெஹோல்ம்ங்கற ஆஸ்பத்திரில ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. மனவளர்ச்சி குறைஞ்ச நோயாளிங்களுக்கு சம்மதமே இல்லாம ஒட்டுற டாபியா குடுத்து பல்லு சொத்தையாகுதான்னு பாத்தாங்க, நெனச்சாலே மனசு கொதிக்குது, அது பண்ணியிருக்கவே கூடாத கொடுமை. 1954ல முடிவு வெளிய வந்துச்சு. சாப்பாட்டோட சேத்து இனிப்பு சாப்பிட்டவங்களுக்கு சொத்தை பெருசா கூடல, நடுநடுவுல டாபி மென்னவங்களுக்குத்தான் மளமளன்னு ஏறுச்சு. அவங்க பட்ட வலியில கெடச்ச பாடம்ங்க அது, நாம அத காத்துல விடக்கூடாது. இனிப்பு வேணுமா, சாப்பாட்டோட சேத்து சாப்பிட்டு முடிச்சிடுங்க, நடுவுல தாகம் எடுத்தா வெறும் தண்ணி போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்கு, பெரியவங்களுக்கு சேக்கற சக்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது ஆறு டீஸ்பூனுக்குள்ள இருந்தா ரொம்ப நல்லது. ஈறுக்கு விட்டமின் சி வேணும், அது இல்லேன்னா ரத்தம் கசியும். இன்னொண்ணு, புளிப்பு ஜூஸ் குடிச்ச உடனே பிரஷ் எடுக்காதீங்க, எனாமல் அப்ப மெத்துன்னு இருக்கும், அரைமணி பொறுங்க.

எனக்கு ரொம்ப கவலை குழந்தைங்கள நெனச்சுத்தான். தூங்கறப்ப எச்சில் சுரக்கறது ரொம்ப கம்மி, அந்த நேரத்துல பால் பாட்டில வாயில வச்சே தூங்க வச்சா ராத்திரி முழுக்க முன்பல்லு பால்லயே ஊறிட்டு கெடக்கும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் குழந்தையோட மேலுதட்ட தூக்கி, ஈறு ஓரமா பாருங்க. சாக்பீஸ் கலர்ல வெள்ளையா கோடு தெரிஞ்சா அதான் சொத்தைக்கு ஆரம்பம், இன்னும் ஓட்டை விழல, டாக்டர்கிட்ட காட்டி ஃபுளோரைடு வச்சா திரும்ப இறுகறதுக்கு வாய்ப்பு இருக்கு, தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க.