குழந்தை வாய் திறக்கும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

சின்னக் குழந்தைகளோடு வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று நிலையத்தில் கேட்டார்கள். நான் மொழியியல் படித்தவள் அல்ல. 2018 ஆகஸ்டில் கோவையிலிருந்து ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் போன ஓர் அம்மா, அவ்வளவுதான். அப்போது மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. இரண்டு பேருக்கும் ஜெர்மனில் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கு ஏழெட்டு வார்த்தை தெரியும்; அதில் பாதி தப்பு.

கிளம்பும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "குழந்தைங்கதானே, மூணே மாசத்துல பிடிச்சுக்குவாங்க." எங்கள் அம்மா சொன்னார், கணவருடைய அலுவலக நண்பர்கள் சொன்னார்கள், விசாவுக்குப் போன இடத்தில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த 'மூணு மாசம்' என் தலைக்குள் ஒரு கெடு மாதிரி உட்கார்ந்துகொண்டது. கெடு முடிகிற நேரத்தில் என் மகன் கிண்டர்கார்டனில் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

அங்கே கிண்டர்கார்டன் என்பது நம் எல்கேஜி, யூகேஜி மாதிரி இருக்காது. எழுத்துப் பயிற்சி கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. எங்கள் இடத்தில் 3 வயதிலிருந்து 6 வயது வரை எல்லோரும் ஒரே அறையில். மழை தூறினாலும் வெளியே மண்ணில் விளையாட்டு. அதற்கென்றே ஒரு சேற்றுக் கால்சட்டை, 'மாட்ச்ஹோஸே' என்பார்கள், வாங்கித் தர வேண்டும். அறைக்குள் போட வேறு செருப்பு. முதல் நாளே பிள்ளையை விட்டுவிட்டு வரவும் முடியாது. பழக்குவதற்கென்று ஒரு காலம் வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் பின்பற்றுகிற பெர்லின் முறைப்படி முதல் 3 நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே அனுப்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது இரண்டு வாரம் நீண்டது. குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையின் முதல் ஜெர்மன் வகுப்பு அதுதான்.

அங்கிருந்து பார்த்தேன். மகன் மணல் குழிக்குப் பக்கத்தில் நிற்பான். இறங்க மாட்டான். மற்ற பிள்ளைகளின் வாயையே பார்ப்பான். வீட்டில் மூச்சுவிடாமல் பேசுகிற பிள்ளை அவன். ஊரில் பக்கத்து வீட்டு மாமாவிடம் அவர் வண்டி ஏன் புகைகிறது என்று கேட்டு வம்பு செய்தவன். அங்கே ஊமையாக நின்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்தப் பயத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் முக்கியமாக இன்றைக்கு வந்திருக்கிறேன். வீட்டிலும் ஜெர்மன் பேச ஆரம்பித்தேன். கதவு, ஜன்னல், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டினேன். "தண்ணி வேணும்மா" என்றால், ஜெர்மனில் கேட்டால்தான் தருவேன் என்றேன். நான் சொல்லித்தந்த ஜெர்மன் எப்படிப்பட்டது? அந்த மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டேர், டீ, டாஸ் என்று மூன்றில் ஒன்று வர வேண்டும். நான் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மகன் கொஞ்ச நாளில் வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டான்.

கிண்டர்கார்டனில் இருந்த ஆசிரியை ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: வீட்டில் உங்கள் மொழியில் பேசுங்கள். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் சொன்னார். அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. பகல் முழுக்க வெளியே அந்தப் பிள்ளைக்கு வாய் கட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்தால், அம்மா நானும் கட்டிவிட்டேன். எங்கே போய்ப் பேசுவான்?

மறுநாள் சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன்.

பின்னால் யோசித்தபோது காரணமும் புரிந்தது. தமிழில் 'ஏன்னா', 'ஆனா', 'அதுக்கப்புறம்' என்று கோத்துக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கோப்பு ஏற்கனவே கையில் இருக்கிறது. புது மொழியில் அதற்குரிய சொல்லை மட்டும் தேடிக்கொண்டால் போதும். அம்மாவின் அரைகுறைப் பேச்சைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒட்டாது. இன்னொரு விஷயம். ஜெர்மனில் 'வைல்', அதாவது 'ஏனென்றால்', என்று தொடங்கிவிட்டால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும், நம் தமிழில் போலவே. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். என் மகனுக்கு அது சுலபமாக வந்தது. தமிழால்தானா என்று நிரூபிக்க என்னிடம் வழியில்லை. நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பேசாமல் இருந்த அந்த மாதங்களில் அவன் சும்மா இருக்கவில்லை என்பதும் தற்செயலாகத்தான் தெரிந்தது. குளியல் தொட்டியில் பொம்மைக் கார்களோடு தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "ஷ்டாப்! நைன்! மைன்ஸ்!" நிறுத்து, இல்லை, என்னோடது. நாளெல்லாம் காதில் விழுந்ததை யாரும் பார்க்காத இடத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சபையில் வாய் திறந்தது டிசம்பர் 6. நிக்கோலஸ் நாள், பிள்ளைகளுக்குக் கமலா ஆரஞ்சும் கொட்டைப் பருப்புகளும் கொடுப்பார்கள். வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பழத்தைக் கொடுத்துக்கொண்டே வந்த ஒரு பெரிய பையன் இவனைத் தாண்டிப் போய்விட்டான். "இஷ் அவுஹ்!" என்று கத்தினானாம். நானும்! ஆசிரியை சாயங்காலம் கண் கலங்கச் சொன்னார். பழம் கிடைத்தது.

இப்படிப்பட்ட மௌனம் பல பிள்ளைகளுக்கு வரும்; சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். கவலைப்பட வேண்டியது எப்போது என்றால், வீட்டில் தமிழிலும் பேச்சு நின்றுபோனால், சொன்னது தமிழிலேயே புரியாவிட்டால். அப்போது தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மற்றபடி பொறுத்திருக்கலாம். போவதற்கு முன்னால் ஏதாவது கற்றுக்கொடுத்தே தீர வேண்டும் என்றால் எழுத்து வேண்டாம், வண்ணங்களின் பெயர் வேண்டாம். டாய்லெட் போகணும், வலிக்குது, எனக்குப் புரியலை, நிறுத்து, நானும் விளையாட வரட்டுமா. இந்த ஐந்தையும் முழு வாக்கியமாக, பாட்டு மாதிரி மனப்பாடமாக. கடைசி வாக்கியம்தான் மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்க்கும்.

மகள் கதை வேறு. அவள் போனது பள்ளிக்கு. பவேரியா மாநிலத்தில், மியூனிக் அந்த மாநிலத்தின் தலைநகரம், மொழி தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்கு 'டாய்ச்கிளாஸே' என்று தனி வகுப்புகளை அந்தக் கல்வியாண்டில்தான் தொடங்கியிருந்தார்கள். மகள் அதில் சேர்ந்தாள். அவள் கணக்கில் புலி. மொழி வராவிட்டால் என்ன, கணக்கு காப்பாற்றும் என்று நினைத்தோம். கணக்கிலேயே முதல் அடி விழுந்தது. ஜெர்மனில் 53 என்பதை 'மூன்றும் ஐம்பதும்' என்று சொல்வார்கள். காதில் முதலில் விழுவது மூன்று. இவள் 35 என்று எழுதிக்கொண்டு வருவாள். தசமப் புள்ளிக்குப் பதில் கால்புள்ளி, ஆயிரத்துக்குக் கால்புள்ளி போடுகிற இடத்தில் புள்ளி. ஊரில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதாள்.

ஆனால் சிரிப்புக்கும் குறைவில்லை. ஒரு நாள் கோபமாக வந்தாள். "அம்மா, மேசைகூட ஆம்பளையாம். பூனை பொம்பளையாம். பொண்ணு மட்டும் 'அது'வாம்! இது நியாயமா?" உண்மைதான், சிறுமியைக் குறிக்கிற 'மேட்ஷென்' அந்த மொழியில் அஃறிணை மாதிரி ஒரு பாலில் வரும். "நாமளும் குழந்தை அழுதுது, குழந்தை சிரிச்சுதுன்னுதானே சொல்றோம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி, அப்ப நாமளும் தப்பு" என்றாள்.

ஒன்றரை வருடத்தில் மளமளவென்று பேச ஆரம்பித்தாள். தோழிகளோடு சண்டை, சமாதானம், ரகசியம் எல்லாம் ஜெர்மனில். எனக்கு ஒரே பெருமை. முடிந்தது வேலை என்று நினைத்தேன். அங்கேதான் இரண்டாம் தடவை ஏமாந்தேன். ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா நாட்டு அறிஞர் 1979-லேயே இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். விளையாட்டு மைதானத்து மொழி ஒன்று, பாடப்புத்தக மொழி இன்னொன்று. முதலாவது ஏறக்குறைய 2 வருடத்தில் வந்துவிடும். இரண்டாவதில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சமமாக வர 5 முதல் 7 வருடம்கூட ஆகலாம் என்பது அவருடைய கணக்கு. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் மகளை இவ்வளவு திட்டியிருக்க மாட்டேன். 'இவ்வளவு நல்லாப் பேசுறே, ஒரு பத்தி எழுத வராதா?' என்று கேட்காத நாளில்லை.

பவேரியாவில் இது ஏன் உயிர்ப் பிரச்சினை ஆகிறது என்றால், தொடக்கப் பள்ளி அங்கே நான்கு வருடம்தான். நான்காம் வகுப்பில், மே மாதத் தொடக்கத்தில், ஒரு சான்றிதழ் வரும். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் மூன்றின் சராசரி 2.33 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் கிம்னாசியம். அதுதான் பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி. அங்கே 1 தான் உயர்ந்த மதிப்பெண், 6 கடைசி. 7 வயதில் போன பிள்ளைக்கு அந்தச் சான்றிதழுக்கு மூன்று வருடம்கூட முழுதாக இல்லை. நடுவில் 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளையும் மூடிவிட்டார்கள். மகளுக்கு 2.66 வந்தது. ரியால்ஷூலே என்கிற அடுத்த வகைப் பள்ளி. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறமும் மேல்வகுப்புக்குப் போய்ப் பல்கலைக்கழகம் வரை சேர வழி இருக்கிறது என்று பின்னால்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் வேலை, சம்பளம், வாடகையோடு இதையும் விசாரியுங்கள். பிள்ளை இன்னும் கிண்டர்கார்டன் வயது என்றால் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு; அங்கே பள்ளிக்கு முன்பே 240 மணி நேர ஜெர்மன் பயிற்சி வைத்திருக்கிறார்கள், பாதி கிண்டர்கார்டனில், பாதி தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம். மகனுக்கு அது பெரிய கை கொடுத்தது.

இனி நம்மைப் பற்றி. பிள்ளைகள் முந்திப் போய்விடுவார்கள், நாம் பின்னால் நிற்போம். எனக்கு வயிற்று வலி வந்தபோது 9 வயது மகளைத்தான் மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஐந்து நிமிடம் பேசினார். மகள், "மாத்திரை போடணுமாம்மா, இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம்" என்று ஒரே வரியில் முடித்தாள். அன்று இரவு தூங்காமல் புரண்டுகொண்டிருந்தவள் கேட்டாள்: "அம்மா, உனக்குப் பெரிய வியாதியா? அவர் சொன்னதுல ரெண்டு வார்த்தை எனக்குப் புரியல." அந்த வாரமே நான் வகுப்பில் சேர்ந்தேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அரசு நடத்துகிற படிப்பில் மொழிக்கு 600 பாடவேளை, நாட்டு நடப்புக்கு 100. இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு ஒரே காரணம் வெட்கம். இப்போதும் என் உச்சரிப்பைக் கேட்டு மகன் சிரிப்பான். "நீ பேசுற ஜெர்மன் எனக்குப் புரியும்மா, ஏன்னா எனக்குத் தமிழ் தெரியும்" என்பான்.

அந்தத் தமிழ் எப்படி நின்றது என்று கேட்டால், பாதிப் பெருமை ஈழத்தமிழர்களுக்கு. 1980-களில் போர் காரணமாக அங்கே வந்தவர்கள் ஜெர்மனியின் பல ஊர்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். என் பிள்ளைகளும் அங்கேதான் அரிச்சுவடி படித்தார்கள். அதனால் வந்த வினை, விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது மகள் எங்கள் அம்மாவிடம், "அம்மிச்சி, வாங்கோ கதைப்பம்" என்றாள். வாங்க பேசலாம் என்று அர்த்தம். "கதை சொல்லோணுமா கண்ணு? எந்தக் கதை வேணும்?" என்று அவர் கேட்க, அரைமணி நேரம் ராஜா கதை ஓடியது. இருவருக்கும் சந்தோஷம்தான்.

மற்ற பாதி அம்மிச்சிக்கு. கொரோனா நாட்களில் தினமும் வீடியோவில் மகனோடு ஒரு மணி நேரம். அவருக்கு ஜெர்மனும் தெரியாது, பனியும் தெரியாது. எல்லாவற்றையும் அவன்தான் விளக்கியாக வேண்டும். நான் ஒட்டிய சீட்டுகள் செய்யாத வேலை அது.

மகனுக்கு அந்த முதல் மூன்று மாதம் நினைவிலேயே இல்லை. இந்த உரைக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டுப் பார்த்தேன். "நான் எப்பவும் பேசிட்டுத்தானே இருந்தேன்?" என்றான். கமலா ஆரஞ்சு மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். ரொம்பப் புளிப்பு என்றான்.

வணக்கம்.